பின் காட்டும் இடத்தில்தான் துளை: பழைய மஸ்டாங்குக்கு ஹூட் பின் பொருத்தும் முறை

"என்னங்க, ஒரு கண்ணு முன்னாடி இருக்கு, ஒரு கண்ணு பின்னாடி இருக்கு?"

காபி டம்ளரோடு கராஜ் வாசலில் வந்து நின்ற மனைவி கேட்டது இது. 1966 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்கின் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் மாடல்) பானெட்டில் முதல் முறையாக ஹூட் பின் பொருத்தி முடித்து, பெருமையாகக் கை துடைத்துக்கொண்டிருந்தேன். டேப் வைத்து அளந்தால் இடப்பக்கத்துப் பின் வலப்பக்கத்தை விட கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. மூன்று மணி நேரம் அளந்து செய்த வேலை. தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க அன்று இரவு முழுக்க ஆனது. அந்தத் தப்பை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஹூட் என்பார்கள், நமக்கு அது பானெட். ஹூட் பின் என்பது ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு எஃகுக் கம்பி. பானெட்டை மூடினால் அதில் உள்ள துளை வழியே கம்பியின் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலையில் குறுக்காக ஒரு சின்னத் துளை, அதில் ஒரு கிளிப். கிளிப்பும் கம்பியும் பானெட்டின் பெயின்டைப் பிறாண்டாமலிருக்க, துளையைச் சுற்றி ஒரு பளபளப்பான தகடு. அதைத்தான் பிளேட் என்கிறார்கள். பொருள் இவ்வளவுதான். இப்படி இரண்டு.

எதற்கு இது? காரின் முன்முகத்தில் மோதும் காற்றில் ஒரு பகுதி கிரில் வழியே உள்ளே புகுந்து பானெட்டை அடியிலிருந்து தூக்கும். மேலே ஓடும் காற்று முன் விளிம்பருகே வேகமெடுத்து, அங்கே அழுத்தம் குறைந்து, மேலிருந்தும் இழுக்கும். கனமான எஃகு பானெட் நடுவில் ஒரே ஒரு லாட்ச்சோடு, அதாவது கொக்கிப் பூட்டோடு, இதைத் தாங்கிவிடும். ஃபைபர்கிளாஸ் பானெட் தாங்காது. நடுவில் பிடித்திருந்தாலும் இரண்டு முன் மூலைகளும் வேகத்தில் மெல்ல எழும்பிப் படபடக்கும். நெடுஞ்சாலையில் டிரைவர் சீட்டிலிருந்தே அதைப் பார்க்கலாம், பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மஸ்டாங்கில் இந்த வழக்கம் சும்மா அழகுக்கு வந்ததல்ல. 1965இல் அமெரிக்கப் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கேரல் ஷெல்பி, ஃபாஸ்ட்பேக் மஸ்டாங்கின் பின்சீட்டை எடுத்துவிட்டு இரண்டு பேர் உட்காரும் ஜிடி350ஆக மாற்றினார். பின்சீட் இருந்தால் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்சிசிஏவின் பந்தய விதிப்படி அது ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. சீட் போனதும் பி-புரொடக்ஷன் என்ற பந்தய வகுப்பில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி டெக்ஸாஸின் கிரீன் வேலி ஓடுதளத்தில், முதல் பந்தயத்திலேயே கென் மைல்ஸ் அதை ஓட்டி ஜெயித்தார். அந்த ஜிடி350க்கு ஃபைபர்கிளாஸ் பானெட், அதைப் பிடிக்க முன்னால் இரண்டு பின்கள். பிறகு 1969 மாக் 1 மாடலில் ஃபோர்டே, கிளிப் தொலையாமல் கேபிள் கட்டிய பின்களைப் போட்டு விற்றது. 1970இல் அது திருகிப் பூட்டும் வகைக்கு மாறியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது அசல் ஜிடி350 என்றால் டிரில்லைக் கீழே வையுங்கள். அதில் புதிதாக ஒரு துளை போடுவது பணத்தைத் துளைப்பதற்குச் சமம். இந்தக் கட்டுரை சாதாரண 65, 66 மஸ்டாங்குக்கானது. முறை மட்டும், பின்னால் கீல் வைத்து முன்னால் திறக்கும் எந்தப் பழைய காருக்கும் பொருந்தும். டட்சன் 240இசட், டிரையம்ஃப் டிஆர்6 போல முன்னால் கீல் உள்ள கார்களுக்கு இது தேவையே இல்லை. அங்கே காற்று பானெட்டை மூடத்தான் செய்யும்.

வாங்கும்போது

கிட்டில் பெரும்பாலும் அரை அங்குலம் அல்லது 7/16 அங்குலத் தடிமன் உள்ள இரண்டு பின்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டு, வாஷர், பிளேட், கிளிப், சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். பின்னின் கீழ்ப்பாதி முழுக்க மரை இருக்க வேண்டும். மரை நீளம் குறைவாக இருந்தால் உயரத்தைச் சரிசெய்ய முடியாது, இது கடையில் யாரும் பார்க்காத விஷயம். கிளிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று தலைமுடியில் குத்தும் ஹேர்பின் மாதிரி, நேராகச் செருகுவது. இன்னொன்று ஸ்ப்ரிங்கோடு மடங்கிப் பின்னின் தலையை வளைத்துப் பிடிப்பது. தெருவில் ஓட்டுகிற காருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஹேர்பின் வகையை மறந்துபோய்ப் பாதி செருகிவிட்டுக் கிளம்பிவிடலாம், மடக்கு கிளிப் பாதியில் நிற்காது. பானெட்டோடு சமமாக அமுங்கி உட்காரும் புதுவகைப் பூட்டுகளும் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பெரிய ஓட்டை வெட்ட வேண்டும், பழைய காருக்கு முகமும் பொருந்தாது.

கருவிகள்: டிரில், 3 மி.மீ. பிட், படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் பிட், சென்டர் பஞ்ச், உருண்டை அரம், மாஸ்கிங் டேப், அளவு டேப், ஸ்பேனர் இரண்டு. அப்புறம் கொஞ்சம் குங்குமம். வேடிக்கையில்லை, பிறகு சொல்கிறேன்.

டிரில்லைத் தொடும் முன்

பானெட்டை முதலில் நேராக உட்கார வையுங்கள். புதியவர்கள் அவசரத்தில் தாண்டிவிடும் படி இதுதான். பின் பொருத்திய பிறகு பானெட்டை நகர்த்தினால் துளை இடம் மாறிவிடும், அதாவது எல்லாம் வீண். இரண்டு ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) பக்கமும் இடைவெளி ஒரே அளவாக, சுமார் 4 முதல் 5 மி.மீ. இருக்கும்படி கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். போல்ட் துளைகள் நீளமாகத்தான் வெட்டப்பட்டிருக்கும், நகர இடம் உண்டு. முன் மூலைகளில் திருகி உயர்த்தும் ரப்பர் கட்டைகள் இருக்கின்றன, பானெட்டின் உயரம் அவற்றின் கையில். ஃபெண்டரோடு பானெட் சமமாக வரும்வரை திருகுங்கள். பிறகு எல்லா போல்ட்டையும் இறுக்கி, பத்துப் பதினைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்கார்கிறதா?

ஃபைபர்கிளாஸ் பானெட் போட்டிருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. மஸ்டாங்கின் கீல்களில் இருக்கும் தடித்த ஸ்ப்ரிங்குகள் எஃகு பானெட்டின் கனத்தைத் தூக்கப் பிறந்தவை. லேசான பானெட்டில் அதே ஸ்ப்ரிங் இருந்தால், மூடும்போது கீலருகே பானெட் வில்லாக வளைந்து நிற்கும், நாளடைவில் விரிசல் விடும். இலகுவான ஸ்ப்ரிங் போடுங்கள், இல்லையென்றால் ஸ்ப்ரிங்கையே கழற்றிவிட்டு ஒரு தாங்குகோல் வைத்துக்கொள்ளுங்கள். வளைந்து நிற்கும் பானெட்டில் எடுத்த அளவு எதுவும் அளவல்ல.

பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்துங்கள். இரும்புத் தூள் ஃபேன் பெல்ட்டிலும் பெயின்டிலும் விழுந்தால் ஒரு மழைக்குப் பிறகு துருப்புள்ளிகளாக எட்டிப்பார்க்கும்.

பின் நிற்கும் இடம்

ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும், குறுக்குச் சட்டத்தின் மேல்தளத்தில் இடம் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும். சட்டத்தின் அந்த இடம் உறுதியாக, தட்டையாக இருக்க வேண்டும். அடியில் நட்டு போடவும் ஸ்பேனர் சுழலவும் இடம் வேண்டும். 65, 66இல் வலப்பக்க மூலையில் பேட்டரி உட்கார்ந்திருக்கும், இடப்பக்கம் தாராளமாகத் தெரியும் இடம் அங்கே இருக்காது. ஆகவே இறுக்கமான பக்கத்தை முதலில் முடிவு செய்து, மற்றப் பக்கத்தை அதற்குப் பொருத்துங்கள். மூன்றாவது, பானெட்டின் அடிப்பக்கம். பானெட் ஒரே தகடல்ல. மேலே வெளித்தோல், அடியில் விலா எலும்பு மாதிரி உள்சட்டம். பின் அந்தச் சட்டத்தின் வழியே போனால் நல்லது. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் உள்ள இடத்தில் வெறும் தோலை மட்டும் துளைத்துப் போனால், கிளிப் அழுத்தும் அழுத்தத்தில் பானெட் குழிந்துவிடும்.

காரின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் அளந்து, சட்டத்தில் புள்ளி வையுங்கள். நடுக்கோட்டுக்கு லாட்ச்சை நம்ப வேண்டாம், அறுபது வருடக் காரில் அது யாரோ எப்போதோ நகர்த்தியதாக இருக்கும். இரண்டு ஃபெண்டர் விளிம்புகளுக்கும் இடையே அளந்து பாதியாக்குங்கள். முன்பின் தூரத்தையும் இரண்டு பக்கமும் ஒரே உறுப்பிலிருந்து அளவெடுங்கள். பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டால் வழி திறந்து, பின்னின் தடிமனுக்குத் துளையிடுங்கள். பிசிறு எடுத்து, வெறும் இரும்பு தெரியும் விளிம்பில் பிரைமர் தடவுங்கள்.

பின்னைச் செருகும் முறை: மேலே ஒரு நட்டு, வாஷர், சட்டம், வாஷர், அடியில் இன்னொரு நட்டு. இரண்டு நட்டும் சட்டத்தை இறுகக் கவ்வும். பின்னை ஏற்ற இறக்க வேண்டுமானால் இரண்டையும் தளர்த்தித் திருகினால் போதும்.

குங்குமம்

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன்.

பானெட்டில் துளை எங்கே வர வேண்டும் என்று அளவு டேப் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பின்னின் நுனியே சொல்லட்டும். பின்னின் நுனியில் எண்ணெயில் குழைத்த குங்குமம் ஒரு துளி வைத்து, பானெட்டின் அடிப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்ல இறக்கினால், நுனி தொட்ட இடத்தில் பொட்டு விழும். கிரீஸ், லிப்ஸ்டிக் எதுவும் சரிதான். எங்கள் வீட்டில் கைக்குக் கிடைத்தது குங்குமம்.

நான் செய்த தப்பு இங்கேதான். இடப்பக்கத்தில் பின்னை முழு உயரத்துக்கு நிற்கவிட்டுப் பொட்டு எடுத்தேன். வலப்பக்கத்தில் நட்டு தளர்ந்து பின் கீழே இறங்கிவிட்டது, சோம்பலில் அப்படியே எடுத்தேன். சோம்பல் சரியாகச் செய்தது, சுறுசுறுப்பு தப்பாகச் செய்தது.

பானெட் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. கீலை மையமாக வைத்து ஒரு வில்லில் இறங்குகிறது. முன் விளிம்பை மூன்று அங்குலம் தூக்கிப் பிடித்தால், அது மேலே போவதோடு கொஞ்சம் பின்னாலும் போகிறது. உயரமாக நிற்கும் பின் அந்த நிலையிலேயே பானெட்டைத் தொட்டுவிடும். பிறகு மூடும்போது பானெட் முன்னால் வரும், பொட்டும் கூடவே முன்னால் போகும். காருக்குக் கார் இந்தத் தூரம் சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை வேறுபடலாம். நான் துளையிட்டுவிட்டு, பின் இடிக்கிறதே என்று சட்டத்தில் உள்ள துளையை அரம் போட்டு இழுத்துப் பின்னையே முன்னால் நகர்த்தினேன். அதனால்தான் ஒரு கண் முன்னால் போனது.

ஆகவே, பொட்டு எடுக்கும் முன் இரண்டு பின்களையும் முடிந்த மட்டும் கீழே இறக்குங்கள். பானெட் கிட்டத்தட்ட மூடிய நிலைக்கு வந்தபோதுதான் நுனி தொட வேண்டும், விரல் நுழையும் இடைவெளி போதும். ஒருவர் பானெட்டை இரண்டு கையாலும் சமமாக இறக்க, இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது நல்லது. மூன்று முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் புது டேப். மூன்று பொட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் நம்பலாம்.

துளை

பொட்டின் நடுவில், அடிப்பக்கமிருந்து 3 மி.மீ. பிட்டால் மேல்தோல் வரை ஒரு துளை. டிரில் பானெட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் உள்சட்டத்துக்கும் மேல்தோலுக்கும் இடையே உள்ள தூரத்தில் துளை நகர்ந்துவிடும். மேலே எங்கே வரும் என்று தெரியாததால் அந்தப் பகுதி முழுக்க டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் நின்றுகொள்ளுங்கள். பானெட்டை மூடி, இரண்டு சின்னத் துளைகளையும் முன் விளிம்பிலிருந்தும் ஃபெண்டரிலிருந்தும் அளந்து பாருங்கள். தப்பென்றால் இப்போதும் தப்பிக்கலாம், 3 மி.மீ. ஓட்டையை எந்தப் பெயின்டரும் அடைத்துவிடுவார்.

சரியென்றால் மேலிருந்து ஸ்டெப் பிட்டால் பெரிதாக்குங்கள். முதலில் பின்னின் தடிமன் அளவுக்கு மட்டும். பின்னை அதன் சரியான உயரத்துக்கு ஏற்றி, பானெட்டை மெல்ல இறக்கி, எந்தப் பக்கம் இடிக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். வில்லில் இறங்குவதால் துளை முன்பின்னாகக் கொஞ்சம் நீளவட்டமாகத்தான் முடியும், அது குறையில்லை. அரை அங்குலப் பின்னுக்குக் கடைசியில் முக்கால் அங்குலம் வரை போகலாம், பிளேட் மறைத்துவிடும். உள்சட்டத்தின் துளையை இன்னும் பெரிதாக விட்டாலும் யாருக்கும் தெரியாது.

எஃகில் துளையிட்ட விளிம்புகளுக்கு உடனே பிரைமரும் பெயின்டும் பூசுங்கள். ஃபைபர்கிளாஸில் துரு கவலை இல்லை, ஆனால் மேற்பூச்சு சிதறும். டேப்பின் மேலேயே, கூர்மையான பிட்டோடு, அழுத்தாமல் துளையிடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். முழுக்கைச் சட்டை போடாமல் செய்துவிட்டு இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தவன் சொல்கிறேன்.

பிளேட்

பின் பானெட் வழியே உரசாமல் ஏறி இறங்கிய பிறகுதான் பிளேட். பானெட்டை மூடி, பிளேட்டைப் பின்னின் மேல் மாட்டி, பின் பிளேட்டின் துளைக்கு நடுவில் வரும்படி வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி அசையாமல் பிடியுங்கள். நீளமான பிளேட் என்றால் எந்தத் திசையில் வைப்பது என்று இப்போது பத்தடி தள்ளி நின்று பாருங்கள். காரின் நீளவாக்கில் வைப்பதுதான் என் கண்ணுக்குப் பிடிக்கும். பானெட்டின் வரி வளைந்து போனால் பிளேட்டும் அந்த வளைவைப் பின்பற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது போலிருக்கும்.

ஸ்க்ரூ துளைகளைக் குறித்து, ஸ்க்ரூவை விடச் சிறிய பிட்டால் துளையிடுங்கள். எஃகு பானெட்டுக்குக் கிட்டில் வரும் ஸ்க்ரூவே போதும். ஃபைபர்கிளாஸில் அந்த ஸ்க்ரூ ஒரு வருடத்தில் மரை தின்று தளர்ந்துவிடும், சின்ன போல்ட்டும் அடியில் அகன்ற வாஷரும் போடுங்கள், அல்லது ரிவெட் அடித்து அடியில் வாஷர் கொடுங்கள். எதுவானாலும் பிளேட்டுக்கு அடியில் மெல்லிய ரப்பர் வேண்டும், பழைய சைக்கிள் டியூபை வெட்டினால் கூடப் போதும். ஸ்டெய்ன்லெஸ் தகடு பெயின்டில் நேராக உட்கார்ந்தால் தண்ணீர் தங்கி, பெயின்ட் முதலில் அங்கேதான் உரியும்.

உயரமும் கிளிப்பும்

கடைசி வேலை உயரம். பானெட் மூடிய நிலையில், பின்னின் குறுக்குத் துளையின் அடி விளிம்பு பிளேட்டை விட ஒரு நூல் தாழ்வாக இருக்க வேண்டும். அதாவது உள்ளங்கையால் பானெட்டை லேசாக அழுத்தினால்தான் கிளிப் போகும். கையை எடுத்ததும் ரப்பர் கட்டைகள் மேலே தள்ளி, கிளிப்பை பிளேட்டோடு இறுக்கிப் பிடிக்கும். இந்த இறுக்கம் இல்லையென்றால் பானெட் கடகடக்கும். அதிகமானால் ஃபைபர்கிளாஸ் விரிசல் விடும், கிளிப் போடுவதும் தினம் ஒரு சண்டையாகும். உயரம் பிடித்ததும் அடி நட்டில் மரைப் பசை இரண்டு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

குறுக்குத் துளை எந்தத் திசையில் நிற்கிறது என்றும் பாருங்கள். மடக்கு கிளிப்பின் வளையம் முன்னாலிருந்து வந்து பின்பக்கமாக மடங்குவது போல் வைத்தால், காற்று அதைத் திறக்கப் பார்க்காது. கேபிள் கட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக் உறை போட்டதை வாங்கி, கிளிப் கழன்று தொங்கினாலும் பெயின்ட் மேல் ஆடாத அளவுக்குக் குட்டையாகக் கட்டுங்கள். நீளமான கேபிள் ஒரே வாரத்தில் பானெட்டில் அரைவட்டக் கோடு போட்டுவிடும்.

பழைய லாட்ச்சை எடுப்பதா வைப்பதா என்று கேட்பார்கள். பந்தயத்தில் எடுத்துவிடுகிறார்கள். தீப்பிடித்தால் ஓடுதள ஊழியர் வெளியிலிருந்தே சட்டென்று திறக்க வேண்டும், அங்கே இரண்டு பூட்டு வேண்டாம். தெருவில் ஓட்டும் காரில் நான் எடுக்க மாட்டேன். 65, 66 மஸ்டாங்கில் லாட்ச் லீவரே வெளியே, முன் விளிம்புக்கு அடியில்தான் இருக்கிறது, எடுத்து என்ன மிச்சமாகப் போகிறது? பின் மறந்த நாளில் அது காப்பாற்றும்.

முதல் ஓட்டம் பக்கத்துத் தெருவில் மெதுவாக. பிறகு நிறுத்தி, பிளேட்டில் புது உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். பளபளப்பில் கோடு விழுந்த பக்கம் அரத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நான்கு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கையுறைப் பெட்டியில் ஒரு உபரி கிளிப் போட்டு வையுங்கள், பெட்ரோல் பங்க்கில் பானெட்டைத் திறக்கும்போது போட்டிருக்கும் கிளிப்பில் ஒன்று எப்படியும் உருண்டு ஓடிவிடும்.